சொல்லாமலே எழும்பும் மென்பொருள்கள்



சென்ற மாதம் இப்பக்கத்தில் முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "பிரதி எடுப்பது இருக்கட்டும் அக்கா, எங்கள் கணினி திறந்து வேலைக்கு வரவே கால் மணி நேரம் எடுக்கிறதே, அதற்கு என்ன செய்வது?" என்பதுதான் அது.

இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம். முதலில் இது வேகம் பற்றிய கேள்வி என்றுதான் நானும் நினைத்தேன். வேகத்தைவிடப் பெரிய விடயம் ஒன்று இதற்குள் இருப்பதைப் பிந்தித்தான் அறிந்தேன். நான் பிந்தியதால் ஒரு சகோதரி மனம் நொந்தார். உங்கள் ஊரில் அப்படி நடக்கக்கூடாது என்பதற்காக அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மின்வெட்டு நாட்கள்

2022 மார்ச் மாதக் கடைசி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். டீசல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கிளிநொச்சி மாவட்டத்தில் எமது பெண்கள் நிலையத்தில் அப்போது இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று, யாரோ பாவித்துவிட்டு அன்பளிப்பாகக் கொடுத்த பழைய மேசைக் கணினி. மற்றது ஓரளவு புதிய மடிக்கணினி. மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து, ஒருவருக்கு அரை மணி நேரம் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தோம்.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் வந்தார். 2009 இல் காணாமற்போன மகனைப் பற்றி அவர் எழுதாத அலுவலகம் இல்லை. அன்றும் அப்படியொரு கடிதம். கையால் எழுதிக் கொண்டுவந்ததை நான் தட்டச்சுச் செய்து கொடுக்கவேண்டும். கணினியைப் போட்டேன். விண்டோஸ் படம் வந்தது, மேசைத் திரை வந்தது. ஆனால் எதை அழுத்தினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினான்கு நிமிடம் போனது.

"பிள்ளை, இது எழும்புறதுக்குள்ள நான் வீட்டை போய்ச் சோறும் காய்ச்சிப்போட்டு வந்திருப்பன்" என்றார் அம்மா, பகிடியாகத்தான். இருவரும் சிரித்தோம். கடிதத்தின் பாதியில் மின்சாரம் நின்றது. பஸ்ஸும் ஓடாத நாள். வந்த வழியே நடந்து போனார். கையில் அந்தக் கையெழுத்துக் கடிதம் அப்படியே இருந்தது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்தக் கணினி அந்தப் பதினான்கு நிமிடமும் என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று அறிந்துவிடவேண்டும் என முடிவு செய்தேன்.

ஒரு பவுசர், நூறு குடம்

விடை இதுதான். நாம் கணினியைப் போட்டவுடன் விண்டோஸ் மட்டும் எழும்புவதில்லை. அதனோடு சேர்ந்து தாமாகவே எழும்பும் மென்பொருள்கள் பல உண்டு. நாம் ஒரு மென்பொருளை நிறுவும்போது, அது தன் பெயரையும் ஒரு பட்டியலில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை கணினி திறக்கும்போது விண்டோஸ் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுப்புகிறது.

அவை ஏன் அப்படிச் செய்கின்றன? சில, நாம் அழுத்தியவுடன் கெதியாகத் திறப்பதற்காக. சில, தமக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இன்னும் சில, எமக்கு வரும் செய்திகளை உடனே காட்டுவதற்காக. ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமாகத்தான் தெரியும். எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போதுதான் தொல்லை.

2009 இல் செட்டிகுளம் முகாமில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் பவுசர் வந்து நின்றதும் என்ன நடக்கும்? குழாய் ஒன்று, குடம் நூறு. எல்லோருக்கும் தண்ணீர் தேவைதான். ஆனால் எல்லோரும் ஒன்றாக நெருக்குவதால் எவருக்கும் கெதியில் கிடைக்காது. பழைய கணினிகளில் உள்ள சுழலும் வன்தட்டும் அப்படித்தான். அதில் வாசிக்கும் முனை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அசைந்து அசைந்துதான் தகவலை எடுக்கவேண்டும். பத்து மென்பொருள்கள் ஒன்றாகக் கேட்டால், உங்கள் கடிதம் பதினோராவதாக வரிசையில் நிற்கும். நினைவகம் 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவு என்றால் நெருக்கடி இன்னும் கூடும்.

பட்டியலைப் பார்ப்பது எப்படி?

கணினி முழுதாகத் திறந்த பின், விசைப்பலகையில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ராஸ்க் மனேஜர் என்ற பெட்டி திறக்கும். அது மிகச் சிறிதாகத் திறந்தால், கீழே இடப்பக்கத்தில் "மேலும் விபரம்" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்துங்கள். விண்டோஸ் 10 இல் மேலே வரிசையாக இருக்கும் தலைப்புகளில் "ஸ்ராட்டப்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 11 இல் அது இடப்பக்கத்தில் சிறு படமாக இருக்கும்.

இப்போது பட்டியல் தெரியும். முதல் நிரலில் மென்பொருளின் பெயர். அடுத்ததில் அதை வெளியிட்டவர் பெயர். அதற்கடுத்து அது தானாக எழும்ப அனுமதி உண்டா இல்லையா என்பது. அதன் பக்கத்தில், கணினி திறக்கும் நேரத்தில் அது எவ்வளவு சுமை கொடுக்கிறது என்பது: அதிகம், நடுத்தரம், குறைவு என்று ஆங்கிலத்தில் இருக்கும். கணினியின் மூளையை 1 வினாடிக்கு மேல் பிடித்து வைத்திருந்தால், அல்லது வன்தட்டில் 3 மெகாபைட்டுக்கு மேல் வாசித்து எழுதினால் "அதிகம்" என்று போடுவார்கள். முதலில் பார்க்கவேண்டியது இந்த "அதிகம்" என்பவற்றைத்தான்.

நிறுத்த விரும்பும் பெயரின் மேல் சுட்டியின் வலப்பக்கத்தை அழுத்தி, "டிசேபிள்" என்பதைத் தெரிவு செய்யவேண்டும். அவ்வளவுதான். பயப்படாதீர்கள். இது மென்பொருளை அழிப்பதல்ல. தேவையான நேரத்தில் நீங்களே அழுத்தித் திறக்கலாம். தானாக எழும்புவது மாத்திரம் நின்றுவிடும். பிழைத்துவிட்டால் அதே இடத்தில் "எனேபிள்" என்பதை அழுத்தினால் பழையபடி வரும்.

இந்தப் பெட்டி பிடிபடாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. செற்றிங்ஸ் சென்று, அப்ஸ் என்பதில் ஸ்ராட்டப் என்பதைத் திறந்தால், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மின்விளக்கு சுவிட்ச் போல ஒன்று இருக்கும். வேண்டாதவற்றை அணைத்துவிடலாம்.

இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் ஒன்றாக அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்கொன்பிக் என்று ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி அடித்தால் அங்கும் இப்பட்டியல் உண்டு. ஆனால் விண்டோஸ் 7 க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. புதிய கணினி எடுக்க வசதியில்லாத நிலையங்கள், இருப்பதை இலேசாக்கிப் பாவிக்கலாம். ஆனால் வங்கி அலுவல்களை அப்படிப்பட்ட கணினியில் செய்யாதிருப்பது நல்லது.

நான் விட்ட பிழை

எமது பழைய கணினியின் பட்டியலில் 19 பெயர்கள் இருந்தன. எப்போதோ உடைந்து எறிந்த பிரின்ரருக்கு மை இருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருள் ஒன்று ஒவ்வொரு நாளும் எழும்பிக்கொண்டிருந்தது. கணினியைத் தந்தவர்களின் பிள்ளைகள் விளையாடிய விளையாட்டு ஒன்றும் இருந்தது. பாட்டுக் கேட்பதற்கு ஒன்று, கைத்தொலைபேசியை இணைப்பதற்கு ஒன்று, புதிய பதிப்புகளைத் தேடுபவை நான்கு.

எனக்கு வந்த கோபத்தில் தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் காலை கணினி நான்கு நிமிடத்தில் திறந்தது. பெருமையாக இருந்தது. வேலை விண்ணப்பம் ஒன்று அடிக்க வந்திருந்த பிள்ளை கதிரையில் இருந்து தட்டத் தொடங்கினாள். ஒரு வரி அடித்துவிட்டு நிமிர்ந்து, "ரீச்சர், தமிழ் வருகுதில்லை" என்றாள். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள்.

பாமினி விசைமுறையில் தட்டினால் யூனிகோட் எழுத்து வரச் செய்யும் சிறு மென்பொருளையும் நான் நிறுத்திவிட்டேன். அது பட்டியலில் ஏதோ ஒரு ஆங்கிலப் பெயரில் இருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதைத் தேடிப் பிடித்துத் திரும்ப எழுப்ப அவளுடைய அரை மணி நேரம் போய்விட்டது.

ஆகவே என்னைப்போல் செய்யாதீர்கள். இவற்றை நிறுத்தாமல் விட்டுவிடுங்கள்:

வைரசுக்கு எதிரான பாதுகாப்பு மென்பொருள். இது வீட்டுக் காவல். சுமை அதிகம் என்று காட்டினாலும் இருக்கட்டும்.

நீங்கள் பாவிக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்.

ஒலி, தொடுபலகை போன்ற கணினி உறுப்புகளுக்குரியவை.

சென்ற மாதம் சொன்னபடி இணையத்தில் தானாகப் பிரதி எடுக்க ஒழுங்கு செய்திருந்தால், அந்த மென்பொருள்.

மற்றவற்றில் ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டை மாத்திரம் நிறுத்துங்கள். கணினியை மூடித் திறந்து, எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். எதை, எந்தத் திகதியில் நிறுத்தினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெயர் விளங்காவிட்டால் வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள். அதுவும் விளங்காவிட்டால் கேட்டு அறியும் வரை கைவைக்கவேண்டாம்.

அந்த அம்மா இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். அவருடைய அரை மணி நேரத்துக்குள் கடிதத்தை அடித்து, அச்செடுத்து, கையில் கொடுத்தேன்.

தொடாமல் விட்ட கணினி

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன விடயத்துக்கு வருகிறேன்.

மடிக்கணினியை நான் தொடவில்லை. அது வேகமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நிலையத்துக்கு வரும் சகோதரி ஒருவர், கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர், வெளிநாட்டில் உள்ள தம்பியோடு பேசுவதற்காக அந்த மடிக்கணினியில் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை நிறுவினார். நானும் பக்கத்தில் நின்று உதவினேன். பேசி முடித்ததும் மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினார். கணினியையும் முறைப்படி நிறுத்தினார். இருவரும் அது முடிந்த அலுவல் என்று நினைத்தோம்.

மறுநாள் காலை வேறு மூன்று பிள்ளைகள் வகுப்புக்கு வந்து கணினியைப் போட்டார்கள். அந்த மென்பொருள் தானாக எழும்பியது. முதல் நாள் புகுந்த கணக்கிலிருந்து வெளியேறாததால், கடவுச்சொல் கேட்கவுமில்லை. இரவு தம்பி அனுப்பிய செய்தி திரையில் தானாக வந்து நின்றது. எவ்வளவு காசு அனுப்பியிருக்கிறார், காணிப் பிணக்கு எந்த நிலையில் இருக்கிறது, மாமியார் வீட்டாரோடு என்ன மனத்தாங்கல் என்பதெல்லாம் அதில் இருந்தது. பிள்ளைகள் வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டார்கள். பார்த்தது வாயில் நிற்கவில்லை.

மூன்று வாரம் அவர் நிலையத்தின் பக்கம் வரவில்லை. காரணம் அறிந்து நான் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் இருந்து எழும்பாமலே சொன்னார்: "நான் மூடித்தானே அக்கா விட்டனான். என்ர தம்பி அனுப்பின காசு எவ்வளவு எண்டு இப்ப சந்தியில நிக்கிறவைக்கும் தெரியும்."

ஆண் துணையில்லாத வீட்டில் காசு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிவது எத்தகைய ஆபத்து என்பதை இப்பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிழை அவருடையதல்ல, பிள்ளைகளுடையதுமல்ல. கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு, அந்தப் பட்டியலை வேகத்துக்காக மாத்திரம் பார்த்த என்னுடையது. அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

பொதுக் கணினியில் கவனிக்கவேண்டியவை

ஒன்று: பெருக்கல் குறியை அழுத்துவது யன்னலை மூடுவது மாத்திரமே. கணக்கிலிருந்து வெளியேறுவது வேறு. "லொக் அவுட்" அல்லது "சைன் அவுட்" என்பதை அழுத்தினால்தான் கதவு பூட்டப்படும்.

இரண்டு: செய்தி அனுப்பும் மென்பொருள்களைப் பட்டியலில் நிறுத்துவதோடு, அந்த மென்பொருளின் உள்ளேயுள்ள செற்றிங்ஸிலும், கணினி திறக்கும்போது தானாகத் தொடங்கும் வசதியை அணையுங்கள். சில மென்பொருள்கள் புதுப்பிக்கப்படும்போது தம் பெயரைத் திரும்பவும் பட்டியலில் சேர்த்துவிடும்.

மூன்று: விண்டோஸ் செற்றிங்ஸில் அக்கவுண்ட்ஸ் என்பதற்குள் சைன்-இன் ஒப்ஷன்ஸ் என்று ஒன்று உண்டு. முன்பு திறந்திருந்தவற்றை மறுபடி தானாகத் திறக்கும் ஒரு சுவிட்ச் அங்கே இருக்கிறது. பொதுக் கணினியில் அது அணைந்திருக்கவேண்டும். இணைய உலாவியிலும் "விட்ட இடத்திலிருந்து தொடர்க" என்ற பொருளில் ஒரு தெரிவு உண்டு. அதுவும் வேண்டாம்.

நான்கு: முடிந்தால் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள். தொடக்கப் பட்டியலில் சில எல்லோருக்கும் பொதுவானவை, சில அந்தந்தப் பயனருக்கு மாத்திரம் உரியவை. கணக்கு வேறானால் ஒருவரின் செய்தி மற்றவரின் திரையில் வந்து நிற்காது.

ஐந்து: திருத்தக் கொடுத்து வாங்கிய கணினியின் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்கள் உண்டு. திருத்துபவர் நல்ல நோக்கத்தோடு அதை நிறுவி, எடுக்க மறந்திருக்கலாம். "இது என்ன, ஏன் தானாக எழும்புகிறது?" என்று கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்படத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீட்டில் உள்ள ஒருவரே உங்களைக் கண்காணிப்பதற்காக ஏதேனும் நிறுவியிருப்பதாகச் சந்தேகம் இருந்தால், அவசரப்பட்டு அதை நிறுத்தாதீர்கள். நிறுத்தியது அவருக்குத் தெரியவரலாம். அதனால் உங்களுக்குத் தீங்கு நேரலாம். முதலில் வேறொருவரின் தொலைபேசியிலிருந்து, அல்லது நேரில் போய், நம்பிக்கையான ஒருவரோடு பேசி வழியைத் தீர்மானியுங்கள்.

இந்தப் பட்டியல் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். பின்னணிச் சேவைகளாகவும், நேரம் குறித்த வேலைகளாகவும் எழும்புபவை இதில் தெரியா. அவற்றையும் காட்டும் ஓட்டோரன்ஸ் என்ற மென்பொருளை மைக்ரோசொவ்ற் இலவசமாகத் தருகிறது. ஆனால் அதில் பிழையான ஒன்றை நிறுத்தினால் கணினியே திறக்காமல் போகலாம். அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாத்திரம் அதைப் பாருங்கள்.

மாதத்தில் ஒரு நாள்

இப்போது எமது நிலையத்தில் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி இரு கணினிகளின் பட்டியலையும் பார்க்கிறோம். பத்து நிமிட வேலை. புதிய பெயர் ஏதும் சேர்ந்திருந்தால், யார் நிறுவியது, எதற்கு என்று கேட்டுக் கொப்பியில் எழுதுகிறோம். காரணம் இல்லாததை நிறுத்துகிறோம்.

அந்தச் சகோதரி நான்காவது வாரம் நிலையத்துக்கு வந்தார். உடனே கணினியில் இருக்கவில்லை. தையல் பக்கம்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் வந்து, "அந்தப் பட்டியல் எங்கை இருக்கெண்டு எனக்கும் காட்டுங்கோ அக்கா" என்று கேட்டார். காட்டினேன். இன்று அந்தக் கொப்பி அவரிடம்தான் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கணினியை எப்படிப் போடுவது என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். எப்படி வெளியேறுவது என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார்.

இந்த வாரமே உங்கள் நிலையத்தின் கணினியில் அந்த மூன்று விசைகளையும் அழுத்திப் பாருங்கள். எத்தனை பெயர்கள் இருந்தன, எவை விளங்கவில்லை என்று எழுதி அனுப்புங்கள். விளங்காதவற்றை அடுத்த இதழில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி